கிறிஸ்துமஸ் மரமும் ஒரு டப்பா ஸ்ப்ரே பனியும்

நியூ ஆர்லியன்ஸில் பனி பெய்வது அபூர்வம். அதனால் டிசம்பரில் எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் மரத்துக்கு நானே ஒரு டப்பா ஸ்ப்ரே பனி அடித்தேன். அறை நண்பர்கள் கைதட்டினார்கள். ஜனவரியில்தான் வினை வந்தது.

பண்டிகை முடிந்ததும் தெருவோரம் போடும் மரங்களை இங்கே நகராட்சி தனியாக எடுத்துப் போகிறது. தூளாக்கிச் செடிக்குப் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லையாம்! கட்டுக்கட்டாகக் கட்டி, தேசியக் காவல்படை ஹெலிகாப்டரில் தூக்கிப் போய், ஊரின் கிழக்கே இருக்கும் பேயூ சாவேஜ் சதுப்பு நிலத்தில் இறக்குகிறார்கள். மரக்கட்டு அலையின் வேகத்தைக் குறைக்கும். தண்ணீரில் வரும் வண்டல் அங்கேயே படியும். அதில் புல் முளைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நிலம் திரும்பும்.

இது விளையாட்டுக் காரியம் இல்லை. 1932 முதல் 2016 வரை லூசியானா தண்ணீருக்குப் பறிகொடுத்த கரையோர நிலம் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர். புயலில் பொங்கி வரும் கடலின் வேகத்தை ஊருக்கு முன்னால் நின்று தணிப்பது இந்தச் சதுப்புதான். 2005 கத்ரீனாவைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் மரத்தில் ஜிகினா, விளக்கு, ஸ்டாண்டு எதுவும் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையில் கட்டக் கூடாது. ஸ்ப்ரே பனி அடித்த மரமோ, கூடவே கூடாது.

பக்கத்து வீட்டு மரம் சதுப்புக்குப் போனது. எங்களுடையது குப்பை லாரியில் போனது. அதை நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடுத்த டிசம்பரில் எங்கள் மரம் பச்சையாகவே நிற்கும். பனி வேண்டுமென்பவர்கள் ஜன்னல் கண்ணாடியில் அடித்துக்கொள்ளவும் :)