ஒரு குடம் எண்ணெயும் ஒரு கிலோ மெழுகும்



கடனுக்காகத் தன் இரு பிள்ளைகளையும் இழக்கவிருந்த விதவையொருத்தியை 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். தீர்க்கதரிசியாகிய எலிசா அவளுக்குப் பணம் கொடுக்கவில்லை. வீட்டில் இருப்பது என்னவென்று கேட்டார். இருந்தது ஒரு குடம் எண்ணெய் மாத்திரமே. வெறும்பாத்திரங்களை அயலாரிடம் இரவல் வாங்கச் சொன்னார்.

கணவரை இழந்த நம் சபைச் சகோதரி ஒருவர், மெழுகுவர்த்தி செய்து விற்க வட்டிக்குப் பணம் வாங்கலாமா என வினவினார். "வேண்டாம் அம்மா. ஒரு கிலோ மெழுகு, திரிநூல், ஓர் அச்சு, இவற்றோடு தொடங்குங்கள்" என்றேன். மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீருக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்க வேண்டும். ஆறும்போது அது சுருங்கி நடுவே குழி விழும். மீண்டும் ஊற்றி நிரப்ப வேண்டும். விற்ற பணத்தில் அடுத்த மெழுகுக்கான விலையை முதலில் எடுத்துவைக்க வேண்டும், மீந்ததே வருமானம். அந்த விதவைக்கும் முதலில் கடன், பின்பு ஜீவனம் என்பதே ஒழுங்காயிருந்தது.

பாத்திரங்கள் தீர்ந்தபோது எண்ணெயும் நின்றுபோயிற்று என்பதை மறவாதிருப்போம். கல்லறைத் தோட்டத்திற்கும் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் வேண்டிய மெழுகுவர்த்திகளை அந்தச் சகோதரியிடம் பேரம் பேசாமல் வாங்குவோம். அயலாராகிய நாம் கொடுக்கக்கூடிய பாத்திரம் அதுவே.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.