அருகாமை என்னும் அளவுகோல்

நிழற்படக் கருவியிடம் மனிதன் நெடுங்காலமாக வேண்டி நின்ற வரங்கள் இரண்டு. தொலைவில் இருப்பதை அருகே கொணர வேண்டும். விரைந்து மறைவதைப் பிடித்து நிறுத்த வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தர முயன்ற டிஜிட்டல் காமிராக்களுள் ஒன்று, ஜப்பானியக் காசியோ நிறுவனம் 2008-இல் வெளியிட்ட எக்ஸிலிம் எஃப்-1. 12 மடங்கு ஜூம்; நொடிக்கு 60 படங்கள். சிறு காமிராத் தொழிலை விட்டே அந்நிறுவனம் 2018-இல் விலகிவிட்டது. ஆயினும், பழைய பொருளாக என் கைக்கு வந்த அக்கருவியைத் திருச்செந்தூர்க் கடற்கரையில் சில வாரங்கள் சோதித்துப் பார்த்தேன்.

முதற் சோதனை ஆலாப் பறவையிடம். அலைக்கு மேலே சிறகடித்து நின்று, கண்ணிமைப்பில் நீருக்குள் பாயும் பறவை அது. கண் கண்டதை விரல் நிறைவேற்றக் கால் நொடியளவு ஆகிறது. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இக்கருவியோ, பொத்தானைப் பாதி அழுத்தியிருக்கும்போதே படங்களைச் சேர்த்துக்கொண்டும் பழையவற்றை உதிர்த்துக்கொண்டும் இருக்கிறது. முழுவதும் அழுத்தியதும், கடந்துபோன நொடியின் படங்களையும் நமக்குத் தருகிறது. அலகு நீரைத் தொடும் கணம் இவ்வாறே எனக்குக் கிட்டியது.

அடுத்த சோதனைக்கு, தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்குச் சென்றேன். கழிமுகத்தில் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்த மீனவரிடம் அனுமதி கேட்டு, நொடிக்கு 300 சட்டங்கள் வீதம் படம்பிடித்தேன். ஒரு நொடி வீச்சு, திரையில் 10 நொடியாக நீண்டது. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருசேர நிலத்தை விட்டு நீங்கும் கணம் உண்டென்று 1878-இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் படமெடுத்துக் காட்டியபோது உலகம் வியந்தது. அவ்வியப்பின் ஒரு துளி இங்கும் இருந்தது. ஈயக் குண்டுகள் வெளிநோக்கி விரைய, வலை மெல்ல மலர்ந்து வட்டமாயிற்று.

குறைகளும் உண்டு. வேகத்திற்கு விலை, ஒளி. ஜூமை முழுவதும் நீட்டினால், வில்லை ஏற்கும் ஒளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. கதிரவன் நிலத்தின் பக்கம் மறையும் கீழைக் கடற்கரையில் மாலைப் படங்கள் மங்கலாகவே வருகின்றன. நொடிக்கு 1200 சட்டங்கள் என்னும் உச்ச வேகத்தில் படம் ஒரு நாடாவைப்போல் ஒடுங்கிவிடுகிறது. நண்பகலில் மணல்மேல் எழும் கானல், தொலைக்காட்சிகளை நெளியச் செய்கிறது. அதற்கு எந்த வில்லையிடமும் மருந்தில்லை. அறுபதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுமையையும் கருவி தருவதில்லை.

மூன்றாவது சோதனை கருவிக்கன்று, அதனை ஏந்துபவருக்கு. திருச்செந்தூர்க் கடலில் நாள்தோறும் திருப்பயணிகள் நீராடுகின்றனர். அமலிநகர்ப் பக்கம் நின்றுகொண்டே, அவர்களுள் ஒரு மூதாட்டியின் முகத்தைச் சட்டம் நிறையக் கொணர்ந்துவிடலாம். அவர் அறியவே மாட்டார். 2018-இல் வந்த நிக்கான் பி-1000 கருவியின் ஜூம் 125 மடங்கு! ஆற்றல் பெருகப் பெருகக் கேள்வியும் பெருகுகிறது.

பறவையை நெருங்கினால் அது இரையை விட்டுப் பறந்துவிடும். அங்கே தொலைவே மரியாதை. மனிதரிடத்திலோ, அறியாமல் எடுக்கும் தொலைவு களவாகிவிடுகிறது. நல்ல சமாரியர் உவமையில், அடிபட்டுக் கிடந்தவரைக் குருவும் கண்டார், லேவியரும் கண்டார், சமாரியரும் கண்டார். காட்சியில் மூவருக்கும் வேறுபாடில்லை. அணுகியவர் ஒருவரே. அயலாராக்கியது பார்வையன்று, எடுத்துவைத்த அடி.

புன்னைக்காயல் மீனவரிடம் படத்தைக் காட்டியபோது அவர் உற்று நோக்கிவிட்டு, “பாருங்க அண்ணாச்சி, இந்தப் பக்கம் ஈயம் அறுந்து கெடக்கு. அதான் வலை சரிஞ்சு விழுது” என்றார். நான் அழகைக் கண்ட இடத்தில் அவர் தம் பிழைப்பைக் கண்டார். அன்றே அமர்ந்து ஈயம் கோத்தார். தொலைவிலிருந்து திருட்டுத்தனமாக எடுத்திருந்தால், அந்தப் படம் எனக்கு மட்டுமே பயன்பட்டிருக்கும்.

ஆகவே என் மதிப்பீடு இதுதான்: பறவைக்கும் அலைக்கும் இக்கருவி மிக நன்று. மனிதருக்கும் நன்றே, ஜூமைச் சுருக்கிக்கொண்டு, நாம் நடந்து செல்வோமானால்.