வட்டக்கானலில் ஆல்பம் கேட்பது: பேர் யாருக்கு, காசு யாருக்கு?



"இப்ப என்ன பாட்டு கேக்குறீங்க, புதுசா எந்த ஆல்பம் நல்லாருக்கு?" என்று போன கூட்டத்தில் கல்லூரித் தம்பி தங்கைகள் கேட்டார்கள். அரசியல் கேள்விகளுக்குத் தயாராகப் போயிருந்த எங்களுக்கு அந்த இடத்தில் ஒழுங்காகப் பதில் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம். நாங்கள் யாரும் இசை விமர்சகர்கள் கிடையாது. சொல்வதெல்லாம் பாட்டு கேட்கிறவர்களின் கருத்து மட்டுமே.

வட்டக்கானலில் வார இறுதி எங்களுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை வண்டிகள் வரத் தொடங்கினால் ஞாயிறு சாயங்காலம் வரை அறை கூட்டுவது, போர்வை துவைப்பது, டால்பின் நோஸுக்கு வழி காட்டுவது, ஆம்லெட் போடுவது என்றே போய்விடும். இந்த ஊருக்கு 'குட்டி இஸ்ரேல்' என்று ஒரு பேர் உண்டு. அங்கிருந்து வரும் இளைஞர்கள் மாதக்கணக்கில் தங்குவதால் வந்த பேர் அது. அவர்களோடு டிரான்ஸ் இசையும் வந்தது. ஒரே தாளம், மணிக்கணக்காக. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. விடிய விடிய அடிக்கிற பறைக்கு ஆடி வளர்ந்தவர்களுக்கு அந்தக் கிறக்கம் புரியாமல் போகுமா? ஆனால் அடுப்படியில் நாங்கள் அறிவு பாட்டைப் போட்டால் மட்டும், "அந்த அரசியல் பாட்ட நிறுத்துங்கப்பா, கெஸ்ட் இருக்காங்க" என்று சத்தம் வரும்.

அதனால் திங்கள்கிழமைதான் எங்களுக்கு ஞாயிறு. மேகம் ஏறி வந்து எதிர் மலை மறைந்த பிறகு ஒரு ஸ்பீக்கரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்காருவோம். ஒருவர் ஒரு ஆல்பம் கொண்டுவர வேண்டும். தள்ளித் தள்ளிக் கேட்கக் கூடாது, முழுசாகக் கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் இரண்டு கேள்வி. நல்லாருக்கா? பேரும் காசும் யாருக்குப் போச்சு?

முதல் கேள்வியை முதலில் கேட்பது முக்கியம். நம்ம ஆள் பாடினார், நம்ம அரசியல் பேசினார் என்பதற்காக நன்றாக இல்லாத பாட்டை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அது அந்தக் கலைஞருக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

அறிவிடமிருந்தே தொடங்குவோம். 2019-ல் ஓஃப்ரோவோடு சேர்ந்து செய்த 'தெருக்குரல்' வந்தபோது எங்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். எங்களுக்கு அது ஒரு பாடப் புத்தகம். 2024-ல் வந்த 'வள்ளியம்மா பேராண்டி' வேறு மாதிரி. சில இடங்களில் சொற்கள் மூச்சுவிட இடம் தராமல் வந்து விழுகின்றன, கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று எங்களில் இரண்டு பேருக்குத் தோன்றியது. ஆனால் ஆல்பத்தின் தலைப்பிலேயே பாட்டியின் பெயரை வைத்தது பற்றி யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அந்தப் பெயர் ஏன் தலைப்பில் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த வள்ளியம்மாள் பாட்டியின் வாழ்க்கை அதற்குள் இருந்தது. பாட்டு உலகம் முழுக்கப் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. கேள்வி எழுந்த பிறகுதான் அவருக்கென்று தனியாக இணைய அட்டை ஒன்று வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்த மேடையிலும் அவர் இல்லை. 2024-ல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்கள் யாருக்குமே ஒரு பைசா வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டின் நிலைமை இது என்றால், டீக்கடையில் போனில் பதிவு செய்து போடுகிற நம் பிள்ளைகளின் நிலைமை என்ன?

எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் இந்தப் பழனி மலைக்கும் வந்து சேர்ந்தார்கள், வாட்டில் மரம் வெட்டுகிற கூலிகளாக. எங்கள் கூட்டத்திலேயே அந்த வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பாட்டு ஒலிக்கும்போது அவர்கள் யாரும் ஆடுவதில்லை. சும்மா கேட்டுக்கொண்டு இருப்பார்கள்.

அடுத்தது வேடன். 2024 பிப்ரவரியில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்த பிறகு குணா குகையைப் பார்க்க வந்த கூட்டத்தை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஒரு சீசன் முழுக்க 'கண்மணி அன்போடு' கேட்டுக் கேட்டு எங்கள் காது தேய்ந்துவிட்டது. ஆனால் அதே படத்தில் வேடன் எழுதிய 'குதந்திரம்' பாட்டை யாரும் கேட்டு வாங்கவில்லை. அந்தப் பாட்டுக்காகத்தான் அவருக்குக் கேரள அரசின் சிறந்த பாடலாசிரியர் விருது கிடைத்தது. திருச்சூர்க்காரர், தலித், அம்மா ஈழத் தமிழர். 2020-ல் 'வாய்ஸ் ஆஃப் தி வாய்ஸ்லெஸ்' வந்தபோது மலையாளம் தெரியாமலேயே எங்களுக்குப் புல்லரித்தது. குரலும் தாளமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் போகிற வேகம் அப்படி.

இரண்டாவது கேள்விக்கு நாங்கள் வரும் முன்பே ஒரு அக்கா வேறு கேள்வி கேட்டார். 2021-ல் பெண்கள் அவர் மீது குற்றச்சாட்டு வைத்தார்கள், அவரும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2025-ல் பாலியல் வன்கொடுமை வழக்கும் பதிவானது. "அவரை ஆறு கிராம் கஞ்சாவுக்கும் சிறுத்தைப் பல்லுக்கும் விரட்டுனப்ப நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சோம். இதுக்கு ஏன் யாரும் வாயத் தொறக்கல?" என்றார். ஒரு தம்பி, "நம்ம ஆளுங்க மேல மட்டும் கேஸ் சீக்கிரம் வரும்க்கா" என்றான். "வரும்டா. அதுக்காகப் பொம்பள சொல்றது எல்லாம் பொய்யாயிருமா?" என்றார் அக்கா. வழக்கில் தீர்ப்பு சொல்வது எங்கள் வேலை இல்லை. ஆனால் சாதியின் பேரால் நம்மை ஒடுக்குகிறவர்களை எதிர்க்கிற அதே வாய், பெண்கள் பேசும்போது மூடிக்கொள்ளக் கூடாது என்பதில் கடைசியில் எல்லோரும் ஒத்துப்போனோம். அந்தப் பாட்டைத் தொடர்ந்து கேட்பதா வேண்டாமா என்பதில் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அன்று இரவு அந்த அக்கா போட்டது இசைவாணியின் கானா. பா. ரஞ்சித்தும் தென்மாவும் தொடங்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் சென்னையில் மேடை ஏறியபோது அதில் இருந்த ஒரே பெண் குரல் அவர். 2020-ல் பிபிசி தேர்ந்தெடுத்த 100 பெண்களில் ஒருவர். 2018-ல் பாடிய ஒரு ஐயப்பன் பாட்டுக்காக ஆறு வருடம் கழித்து, 2024 நவம்பரில், அவரை வசைபாடி மிரட்டினார்கள். ஆண் பாடினால் புரட்சி, பெண் பாடினால் புகார் மனு. கானாவைப் பற்றி எங்கள் கருத்து கேட்டால், ராப்பை விட அதில் சிரிப்பு அதிகம். அழுகையையும் நக்கலாகச் சொல்லத் தெரிந்த இசை அது.

வெளிநாட்டு ஆல்பங்களுக்கு வருவோம். 2024 நவம்பர் 22 அன்று கென்ட்ரிக் லாமர் முன்னறிவிப்பே இல்லாமல் 'ஜிஎன்எக்ஸ்' வெளியிட்டார். 12 பாட்டு, முக்கால் மணி நேரம். முந்தைய ஆல்பங்களின் ஆழம் இதில் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். எங்களுக்குப் பிடித்தது வேறு. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வெளியே அதிகம் தெரியாத உள்ளூர்ப் பிள்ளைகளை வரிசையாகக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்திருக்கிறார். ஆல்பம் திறப்பதே டெய்ரா பரேரா என்கிற மரியாச்சி பாடகியின் குரலில். மேலே போனவர் ஏணியை இழுத்துக்கொள்ளவில்லை.

அதே ஆண்டு மார்ச்சில் பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்'. 27 உருப்படி, ரொம்ப நீளம், நடுவில் டீ போட எழுந்துபோனோம். ஆனால் அதில் லிண்டா மார்ட்டெல் குரலைக் கேட்டுவிட்டு அவரைத் தேடிப் படித்தோம். கன்ட்ரி இசை வெள்ளைக்காரர்களின் சொத்து என்று இருந்த காலத்தில், 1970-ல் 'கலர் மீ கன்ட்ரி' என்று ஆல்பம் போட்ட கறுப்பினப் பெண். அவரைப் பதிவு செய்த கம்பெனியின் பேர் 'பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்'. தோட்டம்! எங்கள் தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவருக்கு இன்னொரு ஆல்பம் வரவில்லை. பின்னாளில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். 80 வயதைத் தாண்டிய பிறகு ஒரு பெரிய நட்சத்திரம் பேர் சொல்லி அழைத்ததால் உலகம் திரும்பிப் பார்த்தது. நம் ஊரில் அப்படி எத்தனை லிண்டா மார்ட்டெல்கள்? 2025-ல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவித்தபோது சந்தோஷப்பட்டோம். அதே பறையை அடித்ததற்காக ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு என்ன விருது?

கடைசியாக எங்கள் ஊர்ப் பாட்டு. இது ஆல்பம் இல்லை, புதுசும் இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் வட்டக்கானலிலிருந்து பாட்டு பற்றி எழுதினால் பொய்யாகிவிடும்.

நீங்கள் எங்கள் ஊருக்கு வருகிற வழியில் பாம்பார் சோலை இருக்கிறது. அங்கே விழுகிற அருவியை லிரில் அருவி என்பார்கள், சோப்பு விளம்பரத்தால் வந்த பேர். அந்தச் சோலைக்கு மேலே உள்ள மேட்டில்தான் அதே சோப்புக் கம்பெனியின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசக் கழிவு கலந்த கண்ணாடிச் சில்லுகள் ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே தெரிந்து, 2001-ல் மூடப்பட்டது. தொழிலாளர்கள் தெருவிலும் நீதிமன்றத்திலும் ஆண்டுக்கணக்காக நின்றார்கள். 2015-ல் சோஃபியா அஷ்ரஃப் 'கொடைக்கானல் வோன்ட்' என்று ஆங்கிலத்தில் ராப் பாடினார், நிக்கி மினாஜின் 'அனகோண்டா' மெட்டில். சில நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். மினாஜே பகிர்ந்தார். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக ஒப்பந்தம் வந்தது. மனிதாபிமான அடிப்படையில் கொடுக்கிறோம் என்றுதான் நிறுவனம் சொன்னது. மண்ணைச் சுத்தம் செய்கிற அளவு பற்றிய சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை. 2018-ல் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து அடுத்த பாட்டு வந்தது.

ஒரு பாட்டு இதைச் செய்யுமா என்றால், பாட்டு மட்டும் செய்யவில்லை. பதினைந்து வருடப் போராட்டம் போட்ட பாதையில் பாட்டு ஓடியது. அந்தக் காலத்தை நேரில் பார்த்த பெரியவர் ஒருவருக்கு ஒரு திங்கள்கிழமை அதைப் போட்டுக் காட்டினோம். முழுசாகக் கேட்டார். "எனக்கு ஒரு வார்த்த புரியல. ஆனா புரிய வேண்டியவனுக்குப் புரிஞ்சுச்சுல்ல, அது போதும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவனுக்குப் புரியிற மாதிரி அந்தப் புள்ள பாடிருச்சு. நமக்குப் புரியிற மாதிரி யாரு பாடுறது?" என்றார்.

அந்தக் கேள்விதான் இப்போது எங்களை ஓட்டிக்கொண்டிருக்கிறது. கேரட் தோட்டத்திலும் உருளைக்கிழங்குத் தோட்டத்திலும் பாடுகிற எங்கள் ஆத்தாமார்களின் பாட்டைப் பதிவு செய்யத் தொடங்கினோம். கோப்பின் பேரிலேயே பாடுகிறவர் பேர், ஊர் இருக்க வேண்டும் என்று விதி வைத்தோம். எங்களைப் பார்த்து எங்களுக்கே பெருமையாக இருந்தது. இரண்டாவது பாட்டு முடிந்ததும் ஒரு ஆத்தா போனைப் பார்த்துக் கேட்டார்: "சரிப்பா, இதுக்கு எனக்கு எவ்வளவு குடுப்பீங்க? அரை நாள் கூலி போச்சுல்ல."

எல்லோரும் சிரித்தோம். அப்புறம்தான் உறைத்தது. ஒரு வருடமாக எல்லா ஆல்பத்தையும் பார்த்து நாங்கள் கேட்ட கேள்வியை எங்களைப் பார்த்து யாரும் கேட்டதில்லை. கேட்டவுடன் எங்களிடம் பதிலும் இல்லை.

அந்த மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அரை நாள் கூலியைக் கொடுத்தோம். இனி பதிவுக்கு முன்பே கூலி, வெளியிடும் முன்பே சம்மதம், காசு வந்தால் பங்கு என்று ஒரு தாளில் எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டும் கையெழுத்தும் வாங்குகிறோம். அவர் இன்னும் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அதனால்தான் இந்தக் கட்டுரையில் அவர் பேர் இல்லை.

புதுசா என்ன கேக்குறீங்க என்று கேட்டீர்கள் அல்லவா, தோழர்களே? மேலே சொன்ன எல்லாவற்றையும் கேளுங்கள், எங்களோடு சண்டை போடுங்கள். கூடவே உங்கள் வீட்டில், தெருவில் யார் பாடுகிறார்கள் என்றும் பாருங்கள். பதிவு செய்ய போனை எடுக்கும் முன், அவர்களுக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

ஜெய்பீம்.