பெட்டியில் வைத்த சட்டை

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே எங்கள் வீட்டில் புதுச் சட்டை வாங்கிவிடுவார்கள். அம்மா அதை என் முதுகில் வைத்து ஒரு தடவை அளவு பார்ப்பாள். பிறகு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். அந்தப் பத்து நாளும் எனக்குக் கணக்கும் ஏறாது, பூகோளமும் ஏறாது. மனசு பெட்டியடியிலேயே கிடக்கும். தீபாவளியன்று விடியற்காலையில் சட்டை கைக்கு வந்ததும் அரை மணி நேரம் உலகத்தை ஆண்டதுபோல் இருக்கும். அப்புறம் கழுத்துப் பட்டை கீறத் தொடங்கும்.

'ஸ்மால்வில்' என்ற அமெரிக்க டெலிவிஷன் தொடர் என்னை வளர்ந்த வயதில் மறுபடி அந்தப் பெட்டியடியில் உட்கார வைத்தது. பத்து நாள் அல்ல, பத்து வருஷம். பூட்டி வைத்த சட்டையும் சாதாரணச் சட்டை அல்ல. நீல உடை, சிவப்பு மேலங்கி, மார்பில் 'எஸ்' என்ற எழுத்து. 1938-ஆம் ஆண்டு ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் படக்கதைப் பத்திரிகையில் உலவவிட்ட சூப்பர்மேனுடைய சட்டை.

2001 அக்டோபரில் அமெரிக்காவில் தொடங்கிய தொடர் அது. எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தாமதமாக, வட்டுகளாக வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் என் தங்கை மகன். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "மாமா, சூப்பர்மேன் சின்னப் பையனா இருந்தப்ப நடந்த கதை" என்றான். குழந்தைக்குத் துணையாக உட்கார்வதுபோல் உட்கார்ந்தேன். மூன்றாவது அத்தியாயத்துக்குள் யாருக்கு யார் துணை என்பது குழம்பிவிட்டது.

கதையை எழுதத் தொடங்கிய ஆல்பிரட் கஃப், மைல்ஸ் மில்லர் என்ற இருவரும் தங்களுக்கே ஒரு விரதம் விதித்துக்கொண்டார்கள். கதாநாயகன் அந்த உடையை அணியக் கூடாது, பறக்கவும் கூடாது. சாப்பாட்டுக் கடை திறந்துவிட்டுச் சோறு கிடையாது என்று பலகை மாட்டுவது மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் அந்த விரதத்தில்தான் தொடரின் உயிர் இருந்தது. உடையும் பறத்தலும் போய்விட்டால் மிச்சம் என்ன? கான்ஸாஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூர். அங்கே கடன் தொல்லையோடு பயிர் செய்யும் ஒரு குடியானவர், அவர் மனைவி, வானத்திலிருந்து விழுந்து அவர்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்ட கிளார்க் என்ற பையன். அவனால் லாரியைத் தூக்க முடியும். ஆனால் தன்னைப் பற்றிய உண்மையை ஒரு சிநேகிதனிடம் சொல்ல முடியாது. இத்தனை பலம் இருந்தும் வாயைத் திறக்க முடியாத பையனைப் பார்த்தால் யாருக்குத்தான் இரக்கம் வராது?

அந்தச் சிநேகிதன் லெக்ஸ் லூதர். படக்கதை படித்தவர்களுக்கெல்லாம் அவன் சூப்பர்மேனின் பரம வைரி. இந்தத் தொடரின் முதல் அத்தியாயத்திலோ அவன் தகப்பன் அன்பு காணாத ஒரு பணக்காரப் பிள்ளை. பாலத்தின்மேல் காரை வேகமாக ஓட்டி வருகிறான். கார் தறிகெட்டுக் கிளார்க்கையும் இடித்துக்கொண்டு ஆற்றில் பாய்கிறது. கிளார்க் காரின் கூரையைப் பிய்த்து அவனைக் கரையேற்றி மூச்சு வரவைக்கிறான். நன்றிக் கடனாக லெக்ஸ் ஒரு புது வண்டியை அனுப்புகிறான். கிளார்க்கின் தந்தை அதைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிடுகிறார். முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்த இருவரும் ஒருநாள் ஒருவரை ஒருவர் அழிக்கப் பார்ப்பார்கள். தெரிந்திருந்தும், "அடடா, இந்தத் தடவை தப்பிவிட மாட்டார்களா?" என்று நினைக்க வைத்தார்களே, அதுதான் சாமர்த்தியம். கர்ணனும் அர்ஜுனனும் அண்ணன் தம்பி என்று தெரிந்த பிறகு பாரதம் கேட்பவனின் நிலைமை எனக்கு.

வருஷத்துக்கு இருபதுக்குக் குறையாத அத்தியாயங்கள். பையன் உயர்ந்துகொண்டே போனான். எங்கள் வீட்டுப் பையனைச் சொல்கிறேன். 2006 ஜனவரியில் வெளியான நூறாவது அத்தியாயத்தில் கிளார்க்கின் தந்தை மாரடைப்பில் இறந்துபோனார். அதைப் பார்த்த இரவு என் மருமகன் ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டான். அவன் தகப்பனார் வெளியூர் போயிருந்தார். காலையில் அவரைக் கூப்பிட்டு, "எப்பப்பா வருவீங்க?" என்று கேட்டானாம். தங்கை சொன்னாள்.

பிறகு தொடர் தள்ளாடத் தொடங்கியது. ஏழாவது வருஷத்தோடு தோற்றுவித்த இருவருமே விலகினார்கள். லெக்ஸாக நடித்த மைக்கேல் ரோஸன்பாமும் போய்விட்டார். அர்ஜுனன் இருக்கிறான், கர்ணன் இல்லை! மிச்சம் மூன்று வருஷம் புதுப் புது வில்லன்களைக் கொண்டு ஓட்டினார்கள். நானும் விடாமல் பார்த்தேன். பழகிய வீட்டில் சமையல் மோசமானால் போவதை நிறுத்திவிடுகிறோமா?

2010 செப்டம்பரில் பத்தாவதும் கடைசியுமான வருஷம் தொடங்கியது. முதல் அத்தியாயத்திலேயே பெட்டியைத் திறந்து சட்டையைக் காட்டினார்கள். தாயார் அனுப்பிய பெட்டியில் நீலமும் சிவப்புமாக அது மின்னுகிறது. கிளார்க் கை நீட்டுகிறான். உடனே அவனைப் பெற்ற தந்தையின் குரல், உனக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று அதட்டிச் சட்டையைப் பிடுங்கிப் பனிக்கட்டிக்குள் பூட்டிவிடுகிறது. எனக்கு என் அம்மாவின் இடுப்புச் சாவி ஞாபகம் வந்தது.

அந்த வருஷத்தில் நல்ல இடங்களும் இருந்தன. இருநூறாவது அத்தியாயத்தில் கிளார்க் தன் கடந்த காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் போய் வருகிறான். தந்தையின் சாவுக்குத் தானே காரணம் என்று நான்கு வருஷத்துக்கு மேல் சுமந்த பாரத்தை இறக்கி வைக்கிறான். கடைசியில் லோயிஸும் அவனும் கைகோத்து நடனமாடுகிறார்கள். ஆடிக்கொண்டே இருவர் பாதமும் தரையை விட்டுச் சற்று எழும்பிவிடுகின்றன. அதை அவர்கள் கவனிக்கவில்லை. சந்தோஷம் என்றால் அப்படித்தான். கவனித்தால் இறங்கிவிடும்.

மோசமான இடங்களும் இருந்தன. டார்க்ஸைட் என்ற பெரிய அசுரனை வருஷம் முழுவதும் புகையாகவே காட்டிப் பயமுறுத்தினார்கள். கடைசி நாளில் ஒரே பாய்ச்சலில் ஆள் காலி. இருபது அத்தியாயம் மத்தளம் கொட்டிவிட்டு ஒரு நொடியில் மங்களம் பாடினால் ரசிகனுக்குக் கோபம் வராதா?

2011 மே 13 அன்று கடைசி இரண்டு அத்தியாயங்களும் சேர்ந்தாற்போல் வெளியாயின. கல்லூரி விடுதியிலிருந்து மருமகன் விடுமுறைக்கு வந்ததும் இருவரும் பார்த்தோம். கல்யாணம் பாதியில் நிற்கிறது. வானத்தில் ஒரு கிரகமே பூமியை மோத வருகிறது. இறந்துபோன வளர்ப்புத் தந்தை தோன்றி, பனிக்கட்டிக்குள் இருந்த சட்டையைத் தம் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறார். கிளார்க் பறக்கிறான். விமானத்தின் ஜன்னல் வழியே லோயிஸ் அவனைப் பார்க்கிறாள். எல்லாம் சரி. ஆனால் சட்டை எங்கே? கிட்டத்தில் காட்டினால் முகம். தூரத்தில் காட்டினால் புள்ளி. பத்து வருஷம் கிளார்க்காக நடித்த டாம் வெல்லிங்கை அந்த உடையில் தலை முதல் கால் வரை ஒரு தடவைகூட நிறுத்திக் காட்டவில்லை. பிறகு ஏழு வருஷம் கடந்த கதை. பத்திரிகை ஆபீஸில் கண்ணாடி போட்ட கிளார்க் மொட்டை மாடிக்கு ஓடி, சட்டைப் பொத்தான்களைப் பிய்த்து உள்ளே இருக்கும் 'எஸ்'ஸைக் காட்டுகிறான். பழைய சினிமாவில் ஜான் வில்லியம்ஸ் அமைத்த சங்கீதம் முழங்குகிறது. முடிந்தது.

"மாமா, பத்து வருஷம் காத்திருந்ததுக்கு நாலு பொத்தான்தானா?" என்றான் மருமகன்.

நான் சிரித்தேன். சிரித்ததற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் நானும் ஒரு பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். இருபத்தாறு வாரத்தில் கதாநாயகிக்குக் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். கதைக்கு வரவேற்பு இருக்கிறது, இழுங்கள் என்றார்கள். இழுத்தேன். மாப்பிள்ளைக்கு டைபாய்டு வந்தது. பெண்ணின் அத்தை காசிக்குப் போனாள். ஐம்பதாவது வாரம் கல்யாணத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் விபரீதம் தெரிந்தது. வாசகர்கள் இத்தனை வாரமாகத் தங்கள் மனசிலேயே அந்தக் கல்யாணத்தை நடத்தி முடித்துவிட்டார்கள். நான் எந்த நாதஸ்வரத்தை வைத்தாலும் அவர்கள் கேட்டதற்கு ஈடாகாது. ஆகவே தாலி கட்டும் நேரத்தில் கதாநாயகியின் தம்பி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பதாக எழுதிக் கதையை முடித்தேன். உள்ளேயிருந்து மேளச் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு வாசகி தபால் அட்டையில் எழுதினாள்: "ஒரு வருஷம் காத்திருந்த எங்களையும் வாசலில் நிற்க வைத்துவிட்டீர்களே!"

பொத்தானோடு நிறுத்தியவர்களுக்கும் அதே பயம் இருந்திருக்கலாம். ஆகையால் சட்டை விஷயத்தில் நான் அவர்களை மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாதது வேறொன்று. லெக்ஸ் கடைசி அத்தியாயத்தில் திரும்பி வந்தான். பழைய மாளிகையில் இருவரும் சந்திக்கிறார்கள். உன்னைக் காப்பாற்ற முடியாமல் போயிற்றே என்று கிளார்க் வருந்துகிறான். மூன்று வருஷப் பசியும் எனக்கு அந்த ஒரு காட்சியில் தீர்ந்துவிட்டது. அதற்குப் பின் லெக்ஸ் தன் தங்கை டெஸ்ஸைக் குத்திவிடுகிறான். சாகும் தறுவாயில் அவள் ஒரு விஷ மருந்தை அவன் முகத்தில் தடவுகிறாள். அவன் ஞாபகம் முழுவதும் அழிந்துபோகிறது. கிளார்க்கின் ரகசியம் தப்பிவிட்டது. கூடவே ஆறும், பாலமும், சிநேகிதமும், துரோகமும் போய்விட்டன. பழைய படக்கதையில் லெக்ஸுக்கு ரகசியம் தெரியாது. அதோடு ஒட்ட வைப்பதற்காகக் கண்டுபிடித்த யுக்தி! கணக்கு சரியாக வரவில்லை என்பதற்காகப் பலகையையே துடைத்த மாதிரி. "இது எழுத்தாளன் செய்கிற காரியமா?" என்று அன்று இரவு கத்தினேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பழைய நண்பனைப் பார்க்கப் போனேன். காலேஜ் நாளிலிருந்து வாடா போடா சிநேகிதம். என் நாவல் ஒன்றைப் பற்றி அவன் எழுதிய ஒரு விமரிசனத்தால் எங்கள் பேச்சு நின்று பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவனுக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். கூடத்தில் நாற்காலியில் இருந்தவன் என்னைக் கண்டதும் மரியாதையாக எழுந்திருந்தான்.

"வாங்க, உட்காருங்க. எந்த ஊரிலேருந்து வர்றீங்க?" என்றான்.

ஊரைச் சொன்னேன். நல்ல ஊர் என்றான். காப்பி கொடுக்கச் சொன்னான். முகத்தில் துளிக் கோபம் இல்லை. சண்டையை மறந்துவிட்டான், சண்டைக்கு முந்திய முப்பது வருஷத்தையும் மறந்துவிட்டான். நான் எத்தனையோ தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த சமாதான வார்த்தைகளை யாரிடம் சொல்வது? திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். அவன் 'வாங்க' என்றது, அன்று அவன் எழுதிய விமரிசனத்தைவிட அதிகமாக வலித்தது. இங்கிலீஷில் நீ, நீங்கள் என்ற பேதமில்லை. லெக்ஸ் இனிமேல் கிளார்க்கைச் சந்திக்கும்போது இந்த அடி எப்படி விழும் என்று அந்த மொழிக்காரர்களுக்குச் சொல்ல வழியில்லை.

அன்றிலிருந்து அந்த முடிவைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. அது யுக்திக்காகச் செய்த காரியம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் தெரியாமல் ஓர் உண்மையின்மேல் கை வைத்துவிட்டார்கள். பூமியைத் தூக்கிப் பிடித்தவன் அதன் பிறகு சுமக்கப்போவது இரண்டு பேருடைய ஞாபகத்தை, ஒற்றை ஆளாக. அதைக் காட்ட அவர்களுக்கு ஓர் அரை நிமிஷம் இல்லாமல் போயிற்றே என்பதுதான் என் குறை.

2019 டிசம்பரில் வேறு சில தொடர்கள் ஒன்றுகூடிய ஒரு பெருங்கதையில் டாம் வெல்லிங் சில நிமிஷங்கள் தலைகாட்டினார். பழைய பண்ணையில் விறகு வெட்டிக்கொண்டிருக்கிறார். லோயிஸும் பெண் குழந்தைகளும் இருக்கும் குடும்பத்துக்காகச் சக்தியையெல்லாம் துறந்துவிட்டாராம். மருமகன் டெலிபோனில், "பத்து வருஷம் காத்திருந்து வாங்கின சட்டையைக் கழற்றி வெச்சுட்டானே மாமா!" என்று குமுறினான். அவனுக்கும் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. பேச்சுக்கு நடுவே அது அழுதது. "இதோ வந்துடறேன்" என்று போனவன் திரும்பி வரவில்லை.

எப்போதாவது இரவில் தூக்கம் வராவிட்டால் முதல் வட்டைப் போட்டுப் பார்க்கிறேன். பாலம் வருகிறது, கார் வருகிறது. அந்தப் பையனைக் கார் இடிக்கக் கூடாது என்று தோன்றும். உடனே, இடிக்காவிட்டால் இவர்களுக்குள் சிநேகிதமே உண்டாகாதே என்றும் தோன்றும். நான் தீர்மானிப்பதற்குள் கார் ஆற்றில் விழுந்துவிடுகிறது.