ஏரிக்கரைக் காஞ்சொறிக்கு ஏற்ற கால்சட்டை

மறைமலை நகரில் குடியிருக்கும் அந்த விவசாயிக்கு வயது 54. திருக்கச்சூர் பக்கம் ஏரிப் பாசனத்தில் 80 சென்ட் நிலம் இருக்கிறது. பல வருடம் தொழிற்சாலை வேலை பார்த்துவிட்டு, அப்பா காலமான பிறகு நிலத்துக்குத் திரும்பியவர். மோட்டார் சைக்கிளை மகன் ஒரகடத்துக்கு ஷிப்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அதனால் இவருக்குப் பழைய சைக்கிள்தான். சர்க்கரைக்கு மாத்திரை எழுதித் தரும் டாக்டரும் தினமும் சைக்கிள் மிதிப்பது நல்லது என்று சொல்லியிருந்தார்.

பெரிய சாலையில் கன்டெய்னர் லாரிகள் போகும் வேகத்துக்குச் சைக்கிளில் போக முடியாது. எனவே வாய்க்கால் ஓரமாக வந்து, ஏரிக்கரை மேல் ஏறிப் போவார். கரையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அதைப் பற்றிக்கொண்டு பூனைக்காலிக் கொடி. அடியில் காஞ்சொறி. தென்மாவட்டத்துக்காரர்கள் செந்தட்டி என்பார்களே, அதே செடிதான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதிப்பவரின் கெண்டைக்காலில் இவை தினமும் உரசின.

சித்திரை வெயிலில் ஒருநாள் இரண்டு காலும் தடித்துச் சிவந்துவிட்டன. இரவெல்லாம் சொறிந்தார். காலையில் பார்த்தால் வலது கெண்டைக்காலில் தோல் கிழிந்திருந்தது. சர்க்கரை உள்ளவருக்குக் கால் புண் என்றால் சாதாரண விஷயமில்லை. ஆறாமல் சீழ் பிடித்தது. கட்டுப் போட்டுக்கொண்டு பதினைந்து நாள் வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்க வேண்டிய கத்திரி செடியிலேயே முற்றியது. மீதியைக் காய்த் துளைப்பான் பார்த்துக்கொண்டது. அந்த வருடக் கத்திரியில் கையில் நிற்க வேண்டிய பணம் அந்தப் பதினைந்து நாளில் போனது.

மகன் பதறிப்போய் ஒரு டிராக் பேன்ட் வாங்கி வந்தார். “இதப் போட்டுக்கினு போப்பா, லேசா இருக்கும், காத்து வரும்” என்றார். புண் ஆறியதும் அதைப் போட்டுக்கொண்டு போனார். முதல் நாளே அரிப்பு. லுங்கி கட்டிய நாளைவிட மோசம்.

அவர் மனைவி முன்பு ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்த பேன்ட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். “ஏங்க, இது பின்னின துணிங்க. இழுத்தா சல்லடை மாதிரி கண்ணு விடுது பாருங்க. மசுரு உள்ள போகாம எங்க போவும்?” என்றார். கோளாறு அங்கேதான் இருந்தது.

காஞ்சொறியின் மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பின் ஊசி போன்ற படிகம் இருக்கிறது. பட்டவுடன் அது தோலில் குத்தி, எரிச்சல் தரும் பொருளை உள்ளே விடுகிறது. பூனைக்காலியில் சங்கடம் காயின் மேல் உள்ள பழுப்பு மயிரில். அதில் மியூக்குனைன் என்ற, புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அரிப்பைக் கிளப்புவது அதுதான். வழக்கமான அலர்ஜி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. காய் முற்றிக் காய்ந்த பிறகு இந்த மயிர் காற்றிலும் பறக்கும், துணியிலும் ஒட்டும். பின்னல் துணி உடம்போடு ஒட்டி, இழுபட்டு, கண்ணைத் திறந்து விடுகிறது. வியர்வையில் நனைந்தால் இன்னும் ஒட்டும். மயிருக்கு வழி கிடைத்துவிடுகிறது.

அதற்காக ஜீன்ஸ் போட்டுக்கொண்டு அக்னி நட்சத்திரத்தில் சைக்கிள் மிதிக்க முடியுமா? அந்த அம்மா மகனுடைய பழைய கம்பெனி யூனிபார்ம் பேன்ட் இரண்டை எடுத்தார். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்து நெருக்கமாக நெய்த துணி. வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு பொட்டுகூடத் தெரியவில்லை. ஆனால் முழுதும் அதிலேயே தைத்தால் புழுக்கம். ஆகவே முழங்காலுக்கு மேலே வெளிர் நிற பாப்ளின், கீழே யூனிபார்ம் துணி என்று பிரித்துக்கொண்டார். கெண்டைக்கால் முன்பக்கம் மட்டும் இரண்டு மடிப்பு. தெரு முனை டெய்லரிடம் கொடுத்து, “அண்ணே, தொளதொளன்னு தைங்க, தோல்ல ஒட்டக் கூடாது” என்று சொன்னார்.

இன்னும் சில விவரங்களையும் கேட்டு வாங்கினார். பாதத்துக்கு மேலே பட்டன் வைத்த பட்டி. இது இருந்தால் மயிர் கீழிருந்து ஏறாது, வலது கால் துணி சங்கிலியில் மாட்டவும் மாட்டாது. சீட்டில் அழுந்தும் இடத்தில் நான்கு தையல் ஒன்றுகூடாமல் ஒரு சாய்சதுரத் துண்டு. இல்லாவிட்டால் தையல் தடிப்பே தொடையை உரசிப் புண்ணாக்கும். நிறம் வெளிர் சாம்பல். வெயில் சூடு குறையும், பழுப்பு மயிர் ஒட்டியிருந்தால் கண்ணுக்கும் தெரியும்.

கடையில் வாங்குபவர்களும் இதே சோதனையைச் செய்யலாம். துணியை வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டால் வேண்டாம். மெல்லியதாக, நெருக்கமாக நெய்த துணியாக இருக்க வேண்டும். அளவில் ஒரு சுற்று பெரிதாக இருக்க வேண்டும்.

கால்சட்டை மட்டும் போதாது. வீட்டுக்கு வந்ததும் அதைத் தனியாக ஊறவைத்து, தனியாகத் துவைக்க வேண்டும். குழந்தைகள் துணியோடு போட்டால் அவர்களுக்கும் அரிக்கும். மயிர் தோலில் பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. ஒட்டும் டேப்பை மெதுவாக ஒட்டி எடுத்தால் மயிர் அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். கண்ணில் பட்டாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் இரவில் கால்களைப் பார்த்துக்கொள்வது அவசியம். அவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், கீறல் பட்டதே தெரியாது.

பார்த்தீனியம் வேறு வகை. அது குத்துவதில்லை, ஒவ்வாமையை உண்டாக்குகிறது. அதன் மகரந்தமும் காய்ந்த தூளும் காற்றில் வந்து முகத்திலும் கழுத்திலும் படும். அதற்குக் கால்சட்டை காப்பு ஆகாது. பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்குவதுதான் வழி.

பூனைக்காலியும் கெட்ட செடி அல்ல. அதன் விதை சித்த மருந்தில் சேர்கிறது. நடுக்குவாத நோய்க்குத் தரப்படும் எல்-டோபா அந்த விதையில் இருக்கிறது. மருந்துக்கும் பசுந்தாளுக்கும் பயிரிடுவோருக்கு அரிக்காத ரகமும் உண்டு. நடைபாதையில் உள்ள காட்டுக் கொடியை மட்டும், ஊதாப் பூ தெரியும்போதே அடியில் அறுத்துவிட்டால் காய்க்காது. காஞ்சொறியை மேலே அறுத்தால் மறுபடி துளிர்க்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு எடுக்க வேண்டும்.

இந்தக் கோடையில் அந்த விவசாயி ஒருநாள்கூடப் பறிப்பைத் தவறவிடவில்லை. கரையில் புதர் வெட்டும் நூறு நாள் வேலைப் பெண்கள் அவர் கால்சட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். “அண்ணே, நாங்க தெனம் வெறுங்காலோடதான இதுல நிக்கிறோம்” என்றார் ஒருவர். வீட்டில் வந்து அதைச் சொன்னார். அவர் மனைவி அக்கம்பக்கத்தில் பழைய யூனிபார்ம் கேட்டு வாங்கி, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கட்டிக்கொள்ளும் நாடா வைத்த உறைகளைத் தைக்க ஆரம்பித்திருக்கிறார். ஒரு பேன்ட்டில் இரண்டு ஜோடி வருகிறது. இதுவரை ஆறு ஜோடி கரைக்குப் போயிருக்கிறது.