டக்ஸ்போர்டிலே ஒரு காலைப்பொழுது

இங்கிலாந்திலே கேம்பிறிட்ஜ் நகருக்குத் தெற்கே சில மைல் தொலைவில் உள்ளது டக்ஸ்போர்ட் விமானத் தளம். 1940 ஆம் ஆண்டின் வான் சமரிலே பங்குகொண்ட இத்தளம் இன்று ஒரு போர் நூதனசாலை. எனினும், இங்குள்ள பழைய விமானங்களுட் சில இன்றும் பறக்கின்றன. அவை பறப்பதைக் காணவே நாம் சென்றோம். நம் மனத்திற் பதிந்ததோ அதற்கு முன் நிகழும் ஆயத்தமே.

நாம் நெடுநேரம் நின்றது கோர்செயர் என்னும் போர் விமானத்தின் அருகில். நம் நாட்டுக்கு அது அந்நியமன்று. 1944 ஏப்ரிலில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட 'இலஸ்ரியஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் இவ்வின விமானங்களையே சுமந்து சென்றது. அம்மாதம் 19 ஆம் நாள் சுமாத்திராவின் வடக்கிலுள்ள சபாங் துறைமுகம் தாக்குண்டது.

இதன் எஞ்சினில் 18 உருளைகள் இரு வரிசையாக, தேர்ச்சில்லின் ஆரக்கால்கள்போல் வட்டமாய் அமைந்துள்ளன. வலுவோ 2,000 குதிரைவலு. எஞ்சின் ஓய்ந்திருக்கையில், எண்ணெய் கீழ்நோக்கிக் கசிந்து அடி உருளைகளிலே தேங்கும். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அந்நிலையில் எஞ்சினை முடுக்கினால் உள்ளே தண்டு வளைந்துவிடும். வளைந்த தண்டு அன்றே முறிந்தாலும் நன்று; பின்னொரு நாள் நடுவானில் முறிந்தால் விமானியின் கதி என்ன?

ஆகவே, 13 அடிக்கு மேற்பட்ட குறுக்களவுடைய சுழல்விசிறியை முதலிற் கையாலே சுழற்றுகின்றனர். இருவர் அலகு அலகாகப் பற்றி மெல்லத் தள்ளிவந்தனர். திடீரென ஓர் அலகு அசைய மறுத்தது. முதியவரான பொறிவினைஞர் உடனே கையை எடுத்துவிட்டார். வலிந்து தள்ளலாகாது, பின்னோக்கிச் சுழற்றவுங் கூடாது. சுழற்றினால் எண்ணெய் உள்ளிழு குழாயிற் புகுந்து, எஞ்சின் இயங்கும்போது மீண்டும் உருளைக்கே வந்து சேரும்.

வேலிக்கு அப்பால் கூட்டம் பொறுமையிழந்தது. விமானி கைக்கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. முதியவர் அடி உருளையின் பிளக்கைக் கழற்றினார். கரிய எண்ணெய் சொட்டுச் சொட்டாய்த் தகரத் தட்டில் வடிந்தது. வடிந்து முடிந்ததும் பிளக்கைப் பூட்டி, மறுபடியும் முதல் அலகிலிருந்தே தொடங்கினர்.

பின்னர் எஞ்சின் இருமிற்று. வெண்புகை எழுந்து நம்மையெல்லாம் மூடியது. உருளைகள் ஒவ்வொன்றாய்த் தீப்பற்றி, இரைச்சல் சீரான முழக்கமாயிற்று. அப்பொழுதும் விமானம் நகரவில்லை; எண்ணெய் சூடேறும்வரை அங்கேயே அதிர்ந்துகொண்டு நின்றது.