ராஜாவுக்குச் சொன்னார்... எனக்கு?

எங்க ஊர் சிங்கவரம். செஞ்சிக்குப் பக்கம். குன்றின் மேலே, பாறையைக் குடைந்த கோயிலில் ரங்கநாதர் படுத்திருக்கிறார். 1714-ல் தேசிங்கு ராஜா ஆற்காடு நவாபோடு போருக்குக் கிளம்பும் முன் இவரிடம் உத்தரவு கேட்டாராம். பெருமாள் 'வேண்டாம்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். ராஜா கேட்கவில்லை. போனார், திரும்பவில்லை.

ராஜாவுக்காவது சொல்ல ஆள் இருந்தது! நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்தபோது, அடுத்து என்ன என்று சொல்ல ஒரு ஈ காக்கா இல்லை. அம்பத்தூரில் ஒரு பட்டறையில் 20 வருஷம் அரம் பிடித்தேன். ஒருநாள் புது சூப்பர்வைசர் வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். "நானும் ஐ.டி.ஐ. ஃபிட்டர்தாண்ணே" என்றார். தூக்கிவாரிப் போட்டது.

பத்தாவதுக்கு மேல் ரெண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் நேராக இரண்டாம் வருஷம்.

"தெரியாதாண்ணே?"

தெரிஞ்சா நான் ஏன்யா இன்னும் அரத்தோட மல்லுக்கட்டறேன்!

71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ, சி.என்.சி. மெஷின் எல்லாம் வைக்க 2022-ல் தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸோடு ஒப்பந்தம் போட்டது. ரூ.2,877 கோடி. நல்ல காரியம்தான். ஆனா மெஷின் வாயைத் திறந்து "அடுத்து இதைப் படிடா" என்று சொல்லாதே?

போன மாசம் அக்கா பையன் ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட்டோடு வந்து நின்றான்.

"மாமா, உங்க கம்பெனில சேத்து விடுங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கோவமா மாமா?"

"இல்லடா. பாலிடெக்னிக் அப்ளிகேஷன் எப்பத் தர்றாங்கன்னு விசாரிச்சுட்டு வா."